மூடி போடுகிறவன்

எந்த வீதி என்று கேட்காதீர்கள்.
அவினாசி ரோட்டுக்கு வடக்கே ஒரு மேல்மாடி,
பல்லடத்தில் கடை மூடியவரிடம் வாங்கிய
ஐஸ்கிரீம் பெட்டி ஒன்று. இவ்வளவு போதும்.

எனக்குச் சாயப்பட்டறை லேபில் வேலை.
பையர் அனுப்பும் துண்டுத்துணியின் நிறத்தை
அப்படியே பிடித்துக் கொடுக்கவேண்டும்.
அங்கிருக்கும் பி.எச். மீட்டர்
சனிக்கிழமை சாயங்காலம் என் பைக்குள் வரும்,
திங்கள் காலை குளித்துவிட்டுத் திரும்பிப் போகும்.
நிறம் பார்த்துத் தண்ணியை நம்பாத ஊர் இது.
பவானித் தண்ணி எட்டு நாளைக்கொருக்கா வருகிறது.
அதையும் அளந்துதான் கொப்பரையில் ஊற்றுவேன்.

முதல் தடவை, புளித்த மோர்.
இரண்டாம் தடவை, ராத்திரி ஒன்றரைக்கு
அட்டாலியில் ஏழு பாட்டில், ஒன்றன்பின் ஒன்றாக.
கீழ்வீட்டுக்காரர் லைட்டைப் போட்டு
"நோம்பிக்கு இன்னும் நாள் கெடக்குதுங்களே" என்றார்.
வினிகருங்க, ஊறுகாய்க்கு, என்றேன்.
அவர் மூக்கு என்னை நம்பவில்லை.
கதவைச் சாத்திக்கொண்டார், அது அவர் பெருந்தன்மை.

மூன்றாவதில் கம்பு சேர்த்தோம்.
பார்லி பெங்களூர் பார்சல். கம்பு மூலனூர்ச் சந்தை.
ஊறவைத்து, முளைகட்டி, மொட்டைமாடியில் காயவைத்து,
கோகிலவாணி மிக்சியில் ஒன்றிரண்டாய் உடைத்தாள்.
அறுபத்தாறு டிகிரி, ஒரு மணி நேரம்.
வடிகட்டக் காடேஸ்வரன் கொண்டுவந்த ரிப் துணி,
கழுத்துப்பட்டி இரண்டு மில்லி அகலமென்று
டென்மார்க்காரன் தள்ளிவிட்ட சரக்கு.
"இதுலயாச்சும் தேறுதான்னு பாக்கலாம்" என்றான்.

திருமூர்த்தி குடியை விட்டுப் பதினாலு மாசம்.
ஏன் விட்டானென்று அவன் சொல்லவில்லை,
நாங்கள் கேட்கவில்லை.
அவன் நல்லதுக்கென்று நாங்களே பேசிவைத்து
கூப்பிடாமல் விட்டோம்.
யார் சொன்னார்களோ,
கொதி வருகிற நேரத்துக்கு வாசலில் நின்றான்,
நிட்டிங் மெஷின் எண்ணெய் போகாத கையோடு.
"நா இருந்தா குடிக்கறதுக்குச் சங்கடமா,
இல்ல என்னயப் பாக்கறதுக்கே சங்கடமா?"

அடுப்பு மட்டும் சத்தம் போட்டது.

கோகிலவாணிதான் அகப்பையை எடுத்தாள்.
"ஹாப்ஸ் இன்னும் போடுல, ஈஸ்ட்டும் போடுல.
இப்போதைக்கு இது வெறும் கஞ்சித்தண்ணி" என்று
ஒரு டம்ளர் மோந்து நீட்டினாள்.
ஊதி ஊதிக் குடித்தான்.
சுட்ட பிஸ்கட், கம்பு, அடியில் ஒரு தித்திப்பு,
பீராகப் போவது தெரியாத பீர்.
இன்னொரு டம்ளர் கேட்டான்.
அந்தத் தடவை ஒரு பாட்டில் குறைந்தது.
நோட்டில் எழுதினேன்: ஆவியாகிவிட்டது.

மூடி போடுகிற மெஷின் எங்களுக்கு வசப்படாது,
பத்துக்கு மூன்று கசியும்.
பார்க்காமலே ஊசி மாற்றுகிற விரல் அவனுக்கு.
நாற்பத்தொரு பாட்டில். ஒன்றுகூடக் கசியவில்லை.

திறந்ததும் அவன்தான்.
கையில் பன்னீர் சோடா, காது பாட்டில் வாயில்.
புஸ்ஸென்றால் "இது சரி" என்று தள்ளுவான்.
ஒன்று பேசவேயில்லை.
"இது செத்துப்போச்சு, தொடாதீங்க."
மீதியை டம்ளர் டம்ளராக ஊற்றினோம்,
அண்ணாந்து வெளிச்சத்தில் பிடித்தேன்:
போன தையில் "கொஞ்சம் மங்கல்" என்று
பையர் திருப்பியனுப்பிய அதே மஞ்சள்.
பாஸ் என்றேன்.
நாக்கில் கொழிஞ்சித்தோல் கசப்பு.
காடேஸ்வரன் முகத்தைச் சுளித்துவிட்டு
இரண்டாவதுக்குக் கை நீட்டினான்.

புதன்கிழமை லேபில் போன்.
எப்போது குடிக்கிறீர்களென்று அவன் கேட்கவில்லை.
"மறுக்காவும் எப்பக் காச்சறீங்க?"
ஸ்பீக்கரில் இருந்தது.
சூப்பர்வைசர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

பசைங்க சார், என்றேன்,
பிரிண்டிங்குக்கு.